குளிர்காலக் கோதுமையில் தரைவண்டு: பொறியில் விழுவதைவிட மண்ணில் பிறப்பதை எண்ணுங்கள்

வரப்போரம் | 3 ஜூன்

கிழக்கு இங்கிலாந்து, கனத்த களிமண், குளிர்காலக் கோதுமை. ஒரு வயல் கலப்பையால் புரட்டியது. பக்கத்து வயல் உழாமல் நேரடியாக விதைத்தது. இரண்டிலும் குழிப்பொறி, அதாவது வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் புதைத்த குவளை, வைத்திருக்கிறோம். தரையில் ஓடிப் பெரும்பாலும் மற்ற பூச்சிகளைத் தின்னும் தரைவண்டு உழுத வயலில்தான் கூடுதலாக விழுகிறது. உழவு தரைவண்டைக் கெடுக்கும் என்று எல்லாரும் சொல்வது அப்புறம் எப்படி? மண்ணில் என்ன செய்தாலும் வயலோரப் புல்லை அகலமாக விட்டுவைத்தால் அங்கிருந்து வந்து நிரப்பிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரமண் | 3 ஜூன்

இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். முதலில் பொறி.

குழிப்பொறியில் விழும் எண்ணிக்கை அந்த வயலில் எத்தனை வண்டு இருக்கிறது என்று சொல்லாது. எத்தனை இருக்கிறது, எவ்வளவு ஓடுகிறது இரண்டையும் பெருக்கி வரும் எண் அது. 1964லேயே கிரீன்ஸ்லேட் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்: பொறியைச் சுற்றிச் செடியும் சருகும் அடர்ந்தால் வண்டின் வேகம் குறைகிறது, விழுவதும் குறைகிறது. உழுத வயலில் தரை வெறிச்சென்று இருக்கும், வண்டு தடையில்லாமல் ஓடும். நேரடி விதைப்பில் போன வருடத்துத் தாளும் வைக்கோலும் கிடக்கும், நாலு அடி போக நாற்பது திருப்பம்.

அடுத்தது பசி. வயிறு நிறைந்த வண்டு ஒரு கட்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பசித்த வண்டு இரவெல்லாம் அலையும். இரை குறைந்த வயலில் பொறி நிறைவது இதனால்தான். ஆண் பெண் தேடி அலையும் வாரங்களிலும் எண்ணிக்கை எகிறும்.

அதனால் உங்கள் இரண்டு எண்களை வைத்து இந்த வயல் அந்த வயல் என்று ஒப்பிடவே முடியாது. ஒரே வயலில், ஒரே இனத்தை, ஒரே இடத்துப் பொறியில், வருடா வருடம் ஒப்பிட்டால் ஏதோ கொஞ்சம் பொருள் உண்டு.

ஈரமண் | 4 ஜூன்

இரண்டாவது, "ஓரத்திலிருந்து வந்து நிரப்பிவிடும்". பாதி வண்டுகளுக்கு இது சரி. மறு பாதிக்குச் சுத்தமாகத் தவறு. எந்தப் பாதி என்பது அது எப்போது முட்டையிடுகிறது என்பதைப் பொறுத்தது.

1939ல் டென்மார்க்கின் ஆய்வாளர் லார்சன் தரைவண்டுகளை இரண்டாகப் பிரித்தார்.

வசந்தத்தில் முட்டையிடுபவை: குளிர்காலத்தை முழு வண்டாகவே கழிக்கும். ஏப்ரல், மே, ஜூனில் முட்டை. புழு கோடையில் வளரும். ஆகஸ்டுக்குள் புது வண்டு வந்துவிடும், குளிர் வந்ததும் பதுங்கிக்கொள்ளும். பெம்பிடியன் லாம்ப்ரோஸ், ஆங்கோமெனஸ் டோர்சாலிஸ், டெமெட்ரியஸ் அட்ரிகாபில்லஸ், பொய்சிலஸ் குப்ரியஸ் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றில் பெம்பிடியன், ஆங்கோமெனஸ், டெமெட்ரியஸ் மூன்றும் வேலியடி, புல் குத்து, ஓரப்புல் ஆகிய இடங்களில் பதுங்குபவை. வசந்தத்தில் நடந்து வயலுக்குள் இறங்கும். நீங்கள் சொல்லும் "நிரப்புதல்" இதுதான்.

இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை: ஜூலை முதல் அக்டோபர் வரை முட்டை. புழுவாகவே குளிர்காலம் கழியும். எங்கே? வயலுக்கு நடுவே, கோதுமை வேருக்குப் பக்கத்தில், மண்ணுக்குள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இனத்துக்கு ஏற்பக் கூட்டுப்புழு, பிறகு வண்டு. டெரோஸ்டிகஸ் மெலனேரியஸ், நெப்ரியா பிரெவிகாலிஸ், ட்ரீகஸ் குவாட்ரிஸ்ட்ரையாட்டஸ் இந்தக் கூட்டம்.

ஐரோப்பியத் தானிய வயல்களில் எடையில் மிகப் பெரிய பங்கு பெரும்பாலும் டெரோஸ்டிகஸ் மெலனேரியஸ். அதற்கு வயல்தான் பிரசவ அறை, தொட்டில் எல்லாமே. ஓரத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அதன் புழுவுக்கு ஒரு பயனும் இல்லை.

வரப்போரம் | 4 ஜூன்

எங்களுக்கு விழுவது பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.க்கு உட்பட்ட பெரிய கறுப்பு வண்டு. எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது?

ஈரமண் | 4 ஜூன்

ஜூன் தொடக்கத்தில் அந்த அளவில் இரண்டு பேர்தான் அதிகம். முதலில் காலைப் பாருங்கள். மெல்லிய உடல், கழுத்துப் பகுதி இதயம் போல் பின்பக்கம் குறுகி, கால் செம்பழுப்பாக இருந்தால் நெப்ரியா, 10 முதல் 14 மி.மீ. உடல் கட்டுமஸ்தாக, காலும் கறுப்பாக, 12 முதல் 18 மி.மீ. இருந்தால் டெரோஸ்டிகஸ் மெலனேரியஸ்.

இதைப் பிரிக்காமல் "பெரிய கறுப்பு" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ஜூலையில் குழம்புவீர்கள். நெப்ரியா மே, ஜூனில் வெளியே வந்து நன்றாகத் தின்றுவிட்டு, கோடை உச்சியில் போய்ப் படுத்துவிடும். பொறியில் அடியோடு காணாமல் போகும். செத்துவிட்டது என்று பொருளல்ல. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் எழுந்து முட்டையிடும். அதே நேரம் டெரோஸ்டிகஸ் ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தைத் தொடும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் மறைத்துவிடும்.

ஈரமண் | 6 ஜூன்

மண்ணில் பிறப்பதை நேரடியாக எண்ண வழி இருக்கிறது. பிறப்புப் பொறி. செலவு குறைவு, வேலை கொஞ்சம் கூட.

0.5 சதுர மீட்டர் பரப்புள்ள வளையமோ சட்டமோ எடுத்துக்கொள்ளுங்கள். தகரம் அல்லது தடித்த பிளாஸ்டிக், உயரம் 20 செ.மீ. அதில் 10 செ.மீ. மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதற்குக் குறைந்தால் வண்டு அடியில் நுழைந்து வரும் போகும். மேலே கூம்பு போல மெல்லிய வலை, ட்ரீகஸ் 4 மி.மீ.தான் என்பதால் கண்ணி 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். சட்டத்துக்குள், சுவரை ஒட்டி, ஒரு குழிப்பொறி. வண்டு சுவரைத் தொட்டதும் அதை ஒட்டியே நடக்கும் பழக்கமுள்ளது, அதனால் சுவரோரப் பொறிதான் நன்றாகப் பிடிக்கும். உள்ளே நிற்கும் கோதுமையை வலைக்குள் அடங்கும்படி வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம்.

ஏப்ரல் நடுவில் வைத்து அறுவடை வரை அதே இடத்தில் விடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் விழுவது ஏற்கெனவே மேலே நடமாடிக்கொண்டிருந்த வண்டுகள், தனியாக எழுதி ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு விழுவதுதான் அந்த மண்ணில் பிறந்தது.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு 8 பொறி, தலா 0.5, மொத்தம் 4 சதுர மீட்டர். மொத்தம் 36 வண்டு என்றால் சதுர மீட்டருக்கு 9, ஹெக்டேருக்கு 90,000. இந்த எண்ணை வயலுக்கு வயல் ஒப்பிடலாம், ஓட்டமும் பசியும் இதில் நுழைவதில்லை. வயலுக்கு 8க்குக் குறைவாக வைத்தால் பயனில்லை, புழுக்கள் ஈரமான திட்டுகளில் கூட்டமாக இருக்கும், ஒரு பொறி காலியாகவும் ஒரு பொறி நிறைந்தும் வரும்.

என்ன கெடும்: வலை நிழலால் உள்ளே ஓரிரு டிகிரி மாறும், வெளிவரும் தேதி சில நாள் முன்பின் ஆகும். அதனால் தேதியை நம்பாதீர்கள், மொத்தத்தை நம்புங்கள். களிமண் வெடித்தால் சட்டத்தின் ஓரம் இடைவெளி விடும். ஜூனில் வாரம் ஒருமுறை சுற்றிலும் ஈரமண் வைத்து மிதித்து அடையுங்கள்.

ஈரமண் | 6 ஜூன், இரவு

மேலே எழுதியதற்குத் துணைக் குறிப்பு. வண்டு புதிதாகப் பிறந்ததா பழசா என்று கையில் வைத்தே சொல்லிவிடலாம். முதுகு ஓட்டை நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். புதுசு என்றால் நகம் அழுந்தும், விட்டதும் மெல்ல எழும். நிறம் கறுப்பாகாமல் தேன் பழுப்பிலிருந்து சாக்லேட் வரை இருக்கும், வயிற்றுப்பக்கம் இன்னும் வெளுப்பு. பழசு என்றால் ஓடு கெட்டி, அசையாது. லென்ஸில் தாடையைப் பாருங்கள்: புதுசின் தாடை முனை ஊசி, போன வருடத்து வண்டின் முனை மழுங்கித் தேய்ந்திருக்கும். டெரோஸ்டிகஸில் ஒரு பகுதி வண்டுகள் முட்டையிட்ட பிறகும் குளிரைத் தாண்டி அடுத்த வருடமும் முட்டையிடும், அவற்றைப் பிரிக்க இதுதான் வழி.

கம்பிப்புழு | 8 ஜூன்

மண்ணை வெட்டினால் வரும் புழு தரைவண்டுப் புழுதானா என்று தெரியாமல் நிறையப் பேர் எல்லாவற்றையும் நசுக்குகிறார்கள். யாராவது விளக்குங்களேன்.

ஈரமண் | 9 ஜூன்

பார்க்க வேண்டியது நாலு இடம்.

உடல்: தரைவண்டுப் புழு தட்டையாக நீளமாக இருக்கும், தலை பெரிசு, தாடை முன்னால் நீட்டிக்கொண்டு அரிவாள் போல வளைந்திருக்கும். ஓடும். உருண்டையாக, மஞ்சளாக, கம்பி போல விறைப்பாக இருந்தால் அது கிளிக் வண்டின் கம்பிப்புழு, கோதுமை வேரைத் தின்பது.

கால்: மூன்று ஜோடி. நுனியில் பெரும்பாலும் இரண்டு நகம். ரோவ் வண்டு என்ற வேறு குடும்பத்தின் புழுவும் இதே மாதிரி ஓடும், ஆனால் அதற்கு ஒற்றை நகம். லென்ஸ் இல்லாமல் இது தெரியாது.

வால்: கடைசியில் இரண்டு நீட்டல். தரைவண்டில் இவை பெரும்பாலும் உடலோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். ரோவ் வண்டில் மூட்டு வைத்து அசையும்.

எந்தப் பருவம்: பெரும்பாலான தரைவண்டுகளுக்குப் புழுப்பருவம் மூன்று, இரண்டு முறை தோலுரிக்கும். தலையின் அகலத்தை அளந்து வரைபடம் போட்டால் மூன்று குவியலாகப் பிரியும்.

நெப்ரியாவின் புழு குளிர்காலம் முழுக்க மேல்மண்ணில் அலைந்து வால்துள்ளிப் பூச்சிகளைத் தின்னும், அதனால் டிசம்பர், ஜனவரிப் பொறியில்கூட விழும். டெரோஸ்டிகஸ் புழு அப்படி மேலே வராது, அதைப் பொறியில் எதிர்பார்க்காதீர்கள். மண்ணைத் தோண்டி, தண்ணீரில் அலசி, சல்லடையில் பிடிக்க வேண்டும்.

வரப்போரம் | 9 ஜூன்

சரி. அப்படியென்றால் உழவு எந்தத் தேதியில் நடந்தால் யாருக்கு அடி?

ஈரமண் | 11 ஜூன்

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "உழவு கெடுதலா" என்று பொதுவாகக் கேட்டால் ஆராய்ச்சிகளே ஒன்றுக்கொன்று முரணாகத்தான் பதில் சொல்லும். சில இடத்தில் உழாத நிலத்தில் டெரோஸ்டிகஸ் அதிகம், சில இடத்தில் உழுத நிலத்தில். பாதிக் காரணம் குழிப்பொறிக் குழப்பம். மீதிக் காரணம் தேதி.

உங்கள் பக்கம் குளிர்காலக் கோதுமை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை விதைப்பு. கலப்பை ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, 20 முதல் 25 செ.மீ. ஆழம். அந்த வேளையில் மண்ணில் யார் இருக்கிறார்கள் பாருங்கள்.

டெரோஸ்டிகஸ்: முட்டையும் முதல் பருவப் புழுவும். முட்டை நகராது, புரட்டிக் காயவைத்தால் சுருங்கிவிடும். இளம் புழுவின் தோல் மெல்லிது, ஈரம் போனால் சாவு. கலப்பைக்குப் பின்னால் கடற்பறவைகளும் காக்கைகளும் வரிசை கட்டி வருவது இவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஆகஸ்டில் உழுதுவிட்டு முட்டையிடும் வண்டு இன்னும் நடமாடிக்கொண்டிருந்தால், உழவுக்குப் பிறகும் முட்டை விழும், இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். அதே உழவு அக்டோபர் தொடக்கத்தில் என்றால் முட்டையிடல் முடிந்திருக்கும், ஈடு கிடையாது.

நெப்ரியா, ட்ரீகஸ்: செப்டம்பர், அக்டோபரில்தான் முட்டை. சீக்கிரம் உழுது விதைத்த வயல் இவற்றுக்குப் பெரிய தொல்லை இல்லை.

பெம்பிடியன், ஆங்கோமெனஸ், டெமெட்ரியஸ்: இலையுதிர் காலத்தில் ஓரத்துக்குக் கிளம்பிவிடுவதால் அக்டோபர் உழவு இவற்றைத் தொடுவது குறைவு.

வசந்தப் பயிர்: மார்ச், ஏப்ரலில் மண்ணைக் கிளறுவது. இதில் டெரோஸ்டிகஸின் கடைசிப் பருவப் புழு மாட்டும். குளிரைத் தாண்டிப் பிழைத்து வந்த புழு இது. இலையுதிர் காலத்தில் நூறு முட்டை போனாலும் மிஞ்சியதற்கு இடமும் இரையும் கூடக் கிடைக்கும், இழப்பு ஓரளவு சமனாகும். ஏப்ரலில் போகும் புழு போனதுதான், சமனாக நேரம் இல்லை. வருடம் ஒருமுறை ஆழமாக உழுவதைவிட இந்த வசந்தக் கிளறல் டெரோஸ்டிகஸுக்கு மோசம் என்பது என் கணிப்பு.

உழாமல் நேரடியாக விதைத்தால் புழுவுக்குப் பாதுகாப்பு, அதே சமயம் களிமண்ணில் ஓடில்லா நத்தையும் பெருகும். அது டெரோஸ்டிகஸுக்கு இரை. உழவை விட்ட முதல் ஓரிரு வருடம் நத்தை முந்தும், வண்டு பின்னால்தான் வரும், ஏனென்றால் வண்டுக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறை. இந்த இடைவெளியில் பயந்துபோய் மறுபடி கலப்பையை இறக்குகிறவர்கள்தான் அதிகம்.

ஈரமண் | 13 ஜூன்

உங்கள் பொறியின் படத்தைப் பார்த்தேன். விளிம்பு மண்ணுக்கு மேலே அரை செ.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெம்பிடியன் 3, 4 மி.மீ.தான், அந்த விளிம்பு அதற்குச் சுவர், திரும்பிப் போய்விடும். சரியாக வைக்கும் முறை இது.

வாய் 7 செ.மீ. அளவில் இரண்டு பிளாஸ்டிக் குவளை, ஒன்றுக்குள் ஒன்று. வெளிக் குவளையின் அடியில் ஓட்டை போட்டு மண்ணில் நிரந்தரமாகப் பதியுங்கள். உள் குவளையை மட்டும் எடுத்து மாற்றினால் ஒவ்வொரு முறையும் மண் கலையாது. விளிம்பு தரைமட்டத்துக்கு ஒரு மி.மீ. கீழே, சுற்றிலும் மண்ணைத் தடவிச் சரிவு. குழி தோண்டியதும் உடனே திறக்கக் கூடாது. புது மண் வாசனைக்கும் கலைப்புக்கும் வண்டு கூடுதலாக வரும், முதல் வாரம் எண்ணிக்கை வீங்கும். மூடி போட்டு ஒரு வாரம் விட்டுப் பிறகு திறங்கள்.

திரவம்: புரோப்பிலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி, வாசனையில்லாத பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் சின்ன வண்டு மேலே மிதந்து தப்பிக்கும். எத்திலீன் கிளைக்கால் வேண்டவே வேண்டாம், இனிப்பாக இருக்கும், நாயும் முள்ளெலியும் குடித்துச் சாகும். மேலே 12 செ.மீ. சதுரத் தகடு, 3 செ.மீ. உயரத்தில், மழைக்கும் பறவைக்கும். மூஞ்சூறு விழுந்தால் 2 செ.மீ. கண்ணியுள்ள கம்பிவலை வாயில் வையுங்கள், டெரோஸ்டிகஸ் அதில் நுழையும். எடுப்பது 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, எல்லாப் பொறியும் ஒரே நாளில். பொறிக்குப் பொறி 10 மீட்டராவது இடைவெளி.

ஈரமண் | 13 ஜூன்

உயிரோடு பிடித்து விட வேண்டுமென்றால் திரவம் இல்லாமல், அடியில் கொஞ்சம் மண்ணும் ஒரு கட்டியும் போட்டு, தினமும் காலையில் பாருங்கள். இரண்டு நாள் விட்டால் பெரியது சின்னதைத் தின்று தீர்த்துவிடும்.

தஞ்சைக்கரை | 15 ஜூன்

கோதுமை எங்களுக்குத் தூரம். நெல்லில் இதே கணக்கு ஓடுமா? தண்ணி நிக்கிற வயல்ல தரைவண்டு எங்க முட்டை வைக்கும்?

ஈரமண் | 16 ஜூன்

நெல்லில் இருக்கும் தரைவண்டில் பலரும் பார்த்திருப்பது ஒபியோனியா. ஒல்லியான செம்பழுப்பு உடல், முதுகில் குறுக்கே கருநீலப் பட்டை, எறும்பு மாதிரி விறுவிறு என்று ஓடும். தரையில் தண்ணீர் நிற்பதால் இது செடியிலேயே வாழப் பழகியது. இலைச்சுருட்டுப் புழு சுருட்டிய இலையைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பளபளப்பான கறுப்புப் புழுவாகவோ வண்டாகவோ இது இருக்கும். ஒன்று ஒரு நாளைக்கு 3 முதல் 5 இலைச்சுருட்டுப் புழுவைத் தின்னும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. வண்டு புகையானையும் தேடிப் பிடிக்கும்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் கூட்டுப்புழு ஆக முடியாது. அதற்கு வரப்பு மண்தான் வேண்டும். அதனால் உங்கள் ஊரில் கேள்வி கலப்பையைப் பற்றியதல்ல, மண்வெட்டியைப் பற்றியது. எல்லா வரப்பையும் ஒரே வாரத்தில் அண்டை வெட்டிச் சேறு பூசினால் மண்ணில் இருக்கும் தலைமுறை மொத்தமாக அடிபடும். ஒன்றுவிட்டு ஒன்று, இடைவெளி விட்டு வெட்டுவது நல்லது. கோதுமையில் ஓரம் ஒதுங்குமிடம், வயல் பிறப்பிடம். நெல்லில் வரப்பே இரண்டும்.

தஞ்சைக்கரை | 16 ஜூன்

எலி வளைக்காக எல்லா வரப்பையும் ஒண்ணா வெட்டுறதுதான் இங்க வழக்கம். பேசிப் பாக்குறேன்.

எல்பே_ஓரம் | 18 ஜூன்

தரைவண்டு என்றாலே நண்பன் என்று யாரும் போய்விட வேண்டாம். இங்கே ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் பக்கம் ஸாப்ரஸ் டெனப்ரியாய்டெஸ் இருக்கிறது. அதுவும் தரைவண்டுக் குடும்பம்தான். கோதுமையையே தின்கிறது.

ஈரமண் | 18 ஜூன்

சரியாக நினைவூட்டினீர்கள். ஸாப்ரஸின் நாட்காட்டி டெரோஸ்டிகஸின் நாட்காட்டியோடு ஏறக்குறைய ஒத்துப்போகும், அதுதான் சிக்கல். ஜூன், ஜூலையில் வண்டு இரவில் கதிரேறிப் பால்பிடித்த மணியைக் கடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டை. புழு இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை இளங்கோதுமை இலையைத் தன் வளைக்குள் இழுத்துச் சப்பும். நரம்பு மட்டும் மிஞ்சி, நார்க்கற்றையாகச் செடி தரையோடு கிடந்தால் அது ஸாப்ரஸ். பக்கத்திலேயே விரல் நுழையாத அளவு துளை இருக்கும், அதை வெட்டினால் புழு.

கோதுமைக்குப் பின் கோதுமை, அறுவடையில் சிந்திய மணி முளைத்த பயிர், மண்ணைக் கிளறாமல் விடுவது: மூன்றும் சேர்ந்தால் ஸாப்ரஸ் பெருகும். அதனால் நான் மேலே உழவைப் பற்றிச் சொன்னதை இப்படித் திருத்தி வாசியுங்கள்: ஸாப்ரஸ் உள்ள பகுதியில் கோதுமைக்குப் பின் கோதுமை போடுவதாக இருந்தால் உழவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அறுவடை முடிந்ததும் மேலாகக் கிளறித் தானாக முளைத்த பயிரை அழிக்க வேண்டும், முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு முதல் உணவு அதுதான். இதைவிட நல்ல வழி நடுவே கடுகோ பட்டாணியோ போட்டுச் சுழற்றுவது. புல் குடும்பம் இல்லாத பயிரில் ஸாப்ரஸ் புழு பிழைக்காது, டெரோஸ்டிகஸுக்கு எந்தப் பயிரானாலும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் பெரும்பாலான வயலில் இந்தக் கவலை இல்லை.

வரப்போரம் | 20 ஜூன்

வயலுக்கு நடுவே புல்மேடு போடச் சொல்கிறார்கள். எங்கள் வயல் 20 ஹெக்டேர். தேவையா?

ஈரமண் | 21 ஜூன்

20 ஹெக்டேர் சதுரம் என்றால் பக்கத்துக்கு 447 மீட்டர், நடுப்புள்ளி ஓரத்திலிருந்து 220 மீட்டருக்கு மேல். 4 மி.மீ. பெம்பிடியன் ஏப்ரலில் ஓரத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் அசுவினி வந்திறங்கும் மே கடைசிக்குள் நடுவே போய்ச் சேராது. மேடு இதற்காகத்தான்.

1987ல் இங்கிலாந்தின் ஹேம்ப்ஷயரில் தாமஸ், ராட்டன், சதர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் போட்ட மேடுகள்தான் முன்மாதிரி. இரண்டு பக்கமிருந்தும் கலப்பையால் மண்ணை நடுவே தள்ளினால் 0.4 மீட்டர் உயரம், 1.5 முதல் 2 மீட்டர் அகலத்துக்கு வரும். இரு முனையிலும் ஓரத்தைத் தொடாமல் 25 மீட்டர் விட்டுவிடுங்கள், இயந்திரம் திரும்பவும் வயல் ஒரே வயலாக இருக்கவும். குத்தாக வளரும் புல் விதைக்க வேண்டும், காக்ஸ்ஃபுட் முதல் தேர்வு. குத்தின் அடியில் குளிரும் சூடும் சட்டென்று ஏறி இறங்காது, வண்டு அதற்காகத்தான் வருகிறது. பரவும் புல் போட்டால் மேடு இருக்கும், வண்டு இருக்காது. அந்த மேடுகளில் இரண்டாவது குளிர்காலத்திலேயே சதுர மீட்டருக்கு 1,000க்கு மேல் இரைவிழுங்கிகளை எண்ணினார்கள், சிலந்தியும் ரோவ் வண்டும் சேர்த்து.

முதல் வருடம் புல் 10 செ.மீ. தாண்டும்போதெல்லாம் வெட்டி வேர்விட வையுங்கள். பிறகு வருடா வருடம் வெட்டினால் குத்து உருவாகாது. களைக்கொல்லி தெளிக்கும்போது மேட்டின் மேல் தெளிப்பானை மூடுங்கள், ஒரு தெளிப்பில் புல் கருகி மேடு வெறும் களைக்காடாவது வழக்கமாக நடக்கும் கேடு.

ஆனால் இதையும் முன்னால் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: இந்த ஆயிரத்தில் டெரோஸ்டிகஸ் சொற்பம். அது அப்போது வயல் மண்ணில் புழுவாக இருக்கிறது. மேடு போட்டுவிட்டு வயலில் ஏப்ரலில் ஆழமாகக் கிளறினால் ஒரு கூட்டத்துக்கு வீடு கட்டி, மறு கூட்டத்தின் தொட்டிலை உடைத்தது போல.

கம்பிப்புழு | 22 ஜூன்

இவ்வளவு பாடுபட்டு அசுவினி உண்மையில் குறைகிறதா? தரைவண்டு தரையில், அசுவினி கதிரில்.

ஈரமண் | 23 ஜூன்

டெமெட்ரியஸும் ஆங்கோமெனஸும் செடியேறித் தின்னும். மற்றவை ஏறத் தேவையில்லை. காற்றிலும் மழையிலும் பொறிவண்டு (முதுகில் புள்ளி போட்ட லேடிபேர்டு) கலைப்பதிலும் அசுவினி தரையில் விழுந்துகொண்டே இருக்கும், திரும்ப ஏறுவதற்குள் தின்றுவிடும்.

விஷயம் எண்ணிக்கையைவிட நேரத்தில் இருக்கிறது. பொறிவண்டு அசுவினி பெருகிய பிறகு வரும். தரைவண்டு அசுவினி வருவதற்கு முன்பே வால்துள்ளியையும் ஈ முட்டையையும் தின்றுகொண்டு வயலில் காத்திருக்கும். முதல் சில அசுவினி குட்டி போடும் முன் போய்விட்டால் ஜூன் கடைசி வளைகோடு தாழ்ந்துவிடும். அசுவினி ஏற்கெனவே ஏறிவிட்டால் தரைவண்டு அதை இறக்காது. அப்போது கணக்கு வேறு: பூக்கும் முன் பாதித் தூரிலும் பூத்தபின் மூன்றில் இரண்டு பங்கு தூரிலும் அசுவினி இருந்தால்தான் மருந்து என்பது இங்கிலாந்தில் உள்ள வரம்பு. அதற்குக் கீழே இருக்கும்போது தெளிக்காதீர்கள்.

ஈரமண் | 24 ஜூன்

மருந்து என்றதும் இன்னும் ஒன்று. 1980களில் கேம்பிரிட்ஜ்ஷயரின் பாக்ஸ்வொர்த்தில் கோதுமைக்கு முன்னெச்சரிக்கையாகக் கணக்கில்லாமல் தெளித்த பகுதியையும் தேவைக்கு மட்டும் தெளித்த பகுதியையும் பல வருடம் ஒப்பிட்டார்கள். அதிகம் அடிபட்டவை குளிர்காலத்திலும் வயலுக்குள்ளேயே இருந்து, தூரம் நகராத இனங்கள், பெம்பிடியன் ஒப்டூசம் போல. தெளித்த நாளில் எத்தனை செத்தது என்பதைவிட, போனது திரும்பி வர வழி இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

நத்தை மருந்திலும் கவனம். மெதியோகார்ப் உருண்டை தரைவண்டையும் கொல்லும், இப்போது தடை. மெட்டால்டிஹைடும் 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் திறந்தவெளிக்குத் தடை. இப்போது ஃபெரிக் பாஸ்பேட். விதைநேர்த்தி மருந்து நத்தையைக் கொல்லாமல் அதன் உடலில் தங்கி, அதைத் தின்ற தரைவண்டைச் சாய்ப்பதைப் பென்சில்வேனியாவின் சோயா வயலில் 2015ல் காட்டினார்கள்.

ஈரமண் | 28 ஜூன்

4ஆம் தேதி இரண்டு கூட்டம் என்று எழுதியதை யாரும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்ப்பலஸ் ரூஃபிபெஸ் அதில் அடங்காது. முதுகில் பொன்னிற ரோமம் படர்ந்தது, 10 முதல் 17 மி.மீ., களைவிதை தின்பது. புழுவாகவும் வண்டாகவும் குளிரைத் தாண்டும், ஒரு சுற்றுக்கு இரண்டு வருடம் எடுப்பதுண்டு. அதன் புழு விதையைத் தன் வளைக்குள் சேர்த்து வைத்துத் தின்னும். இதற்கு ஆழமான உழவால் இரட்டை அடி: வளை போகிறது, மேலே கிடந்த விதையும் 20 செ.மீ. கீழே போய்விடுகிறது. ஹார்ப்பலஸ் வேண்டுமென்றால் அறுவடைக்குப் பிறகு சில வாரமாவது தாளடியைத் தொடாமல் விடுங்கள், உதிர்ந்த விதை மேலே கிடக்கட்டும்.

வரப்போரம் | 1 ஜூலை

பெட்டியில் வைத்து வளர்த்து வயலில் விடலாமா?

ஈரமண் | 2 ஜூலை

ஆய்வகச் சோதனைக்குப் பொய்சிலஸ் குப்ரியஸை அப்படி வளர்க்கிறார்கள். வயலில் விட வளர்ப்பது கட்டுபடியாகாது. புழுக்கள் ஒன்றையொன்று தின்னும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி, ஈர மண், இரண்டு நாளுக்கு ஒருமுறை நறுக்கிய ஈ கூட்டுப்புழு, மிச்சத்தை மறுநாளே எடுக்காவிட்டால் பூஞ்சை. பொய்சிலஸ் பெண்ணுக்கு முதலில் குறும்பகல், பிறகு நெடும்பகல் வெளிச்சம் காட்டினால்தான் முட்டை முதிரும். டெரோஸ்டிகஸ் புழுவுக்குக் குளிர்காலம் காட்டாமல் அறைச்சூட்டிலேயே வைத்தால் மூன்றாம் பருவத்தில் நின்றுவிடும். 20 ஹெக்டேருக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று பாருங்கள்.

அந்த உழைப்பைப் பிறப்புப் பொறிக்குக் கொடுங்கள். இந்த வருடம் ஏப்ரல் போய்விட்டது. இப்போது செய்யக்கூடியது: ஜூலை, ஆகஸ்டில் விழும் டெரோஸ்டிகஸ் பெண்களில் இருபதை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, வயிற்றைத் திறந்து முற்றிய முட்டையை எண்ணுங்கள். இரண்டு வயலுக்கும் தனித்தனியாக. உழுத வயலில் வண்டு அதிகம் விழுந்தும் முட்டை குறைவாக இருந்தால் அங்கே ஓடுவது பசி. குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.